நூறு லீட் வந்தும் வீடு ஏன் காலியாக இருக்கிறது?

பெங்களூரில் நாலு தமிழர்கள் சேர்ந்தால் பேச்சு எப்படியாவது மனை விலைக்கு வந்துவிடும். அத்திப்பள்ளி தாண்டி ஓசூரில் சதுர அடி என்ன விலை, மஞ்சள் லைன் மெட்ரோ வந்த பிறகு எலக்ட்ரானிக் சிட்டியில் வாடகை எவ்வளவு ஏறியது என்று ஆரம்பித்தால் காபி ஆறிவிடும். இப்போது ஆன்லைன் மார்க்கெட்டிங்கும் இந்தப் பேச்சில் சேர்ந்துகொண்டது. “பேஸ்புக்கில் ஆட் போட்டேன், போன் மேல் போன், ஒருத்தர்கூட வீட்டைப் பார்க்க வரவில்லை” என்பார் ஒருவர். “அதெல்லாம் வேஸ்ட், புரோக்கரிடம் கொடுத்துவிடு” என்பார் இன்னொருவர். “ரீல்ஸ் போடு, தானாக வரும்” என்பது மூன்றாமவர் யோசனை. மூன்று பேரும் பேசுவது மூன்று வெவ்வேறு விஷயங்கள். பெயர் மட்டும் ஒன்றாக இருப்பதால்தான் இந்தக் குழப்பம்.

இந்தக் கட்டுரை பில்டர்களுக்கானது அல்ல. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டிருப்பவர், அல்சூரில் அப்பா கட்டிய மாடி வீட்டில் இரண்டு போர்ஷனை வாடகைக்கு விடுபவர், ஓசூர் ரோட்டில் வாங்கிப்போட்ட மனையை விற்க நினைப்பவர் போன்ற சிறிய முதலீட்டாளர்களை மனதில் வைத்து எழுதியது.

கேட்டில் தொங்கும் போர்டும் பேப்பரில் வரும் நோட்டீஸும்

மர்ஃபி டவுனில் ஒரு வீட்டு கேட்டில் ‘டு லெட்’ போர்டு தொங்குகிறது. அதைப் படித்து போன் செய்கிறவர் யார்? அந்தத் தெருவிலேயே வீடு தேடி அலைகிறவர். அவருக்கு வீடு இப்போதே வேண்டும், இந்த ஏரியாவில் வேண்டும். போர்டுக்குச் செலவு ஒன்றுமில்லை, ஆனால் அந்தத் தெருவில் நடக்காதவர் கண்ணில் அது படாது.

அதே வீட்டுக்காரர் ஆயிரம் நோட்டீஸ் அடித்து காலைப் பேப்பரில் வைத்து விநியோகிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் வீட்டுக்குப் போகும். அதில் பெரும்பாலானவர்களுக்கு வீடு தேவையே இல்லை. “என்னதான் வாடகை சொல்கிறார் பார்ப்போம்” என்று சும்மா போன் செய்கிறவர்களும் உண்டு.

ஆன்லைனிலும் இந்த இரண்டு வகைதான். கூகுளில் ஒருவர் ‘2பிஹெச்கே வாடகை எலக்ட்ரானிக் சிட்டி’ என்று அடிக்கும்போது வரும் விளம்பரமும், மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ், ஹவுசிங், நோபுரோக்கர் போன்ற போர்ட்டல்களில் நீங்கள் போடும் பதிவும் கேட்டில் தொங்கும் போர்டு. பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பவர் நடுவே வந்து விழுவது பேப்பர் நோட்டீஸ். இந்த வேறுபாட்டுக்கு மார்க்கெட்டிங்காரர்கள் வைத்த பெயர் ‘இன்டென்ட்’: அந்த ஆளுக்கு இப்போது வாங்கும் அல்லது குடிவரும் எண்ணம் எவ்வளவு இருக்கிறது என்பது.

இதிலிருந்தே ஒரு முடிவு கிடைக்கிறது. வாடகை வீடு அவசரத் தேவை. அடுத்த மாதம் வேலையில் சேரப்போகிறவர் தேடிக்கொண்டு வருவார். நீங்கள் அவர் தேடும் இடத்தில் இருந்தால் போதும். மனை அப்படியில்லை. காலையில் எழுந்ததும் “இன்று ஒரு மனை வாங்க வேண்டும்” என்று யாரும் தேடுவதில்லை. ஆசையை மெதுவாகக் கிளப்ப வேண்டும். ஓசூர் மனை விளம்பரங்கள் இன்ஸ்டாகிராமில் நம்மை விடாமல் துரத்துவதற்குக் காரணம் இதுதான். வாடகை ஃபிளாட்டுக்கு பேஸ்புக்கில் பணம் கொட்டியவர், நோட்டீஸ் அடித்துவிட்டுப் போர்டு மாட்ட மறந்தவர்.

லீட் என்பது வாடிக்கையாளர் இல்லை

அடுத்த குழப்பம் இந்தச் சொல்லில். ‘லீட்’ என்றால் ஓரளவு ஆர்வம் காட்டி, தன்னைத் தொடர்புகொள்ள வழி கொடுத்த ஒருவர். அவ்வளவுதான். அவர் வாங்குவார் என்றோ வாங்க வசதி உள்ளவர் என்றோ அதற்கு அர்த்தமில்லை.

பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் லீட் சேகரிக்கும் ஃபாரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இது புரியும். விளம்பரத்தைத் தொட்டதும் ஒரு ஃபாரம் திறக்கும். பெயரும் போன் எண்ணும் அவருடைய கணக்கிலிருந்து தானாகவே நிரம்பியிருக்கும். இன்னும் இரண்டு தட்டு, ஃபாரம் போய்விடும். மெட்ரோவில் நின்றுகொண்டே விரல் பட்டு அனுப்பியவரும் அதில் இருப்பார். நீங்கள் மாலையில் அழைத்தால் “நானா? எந்த மனை?” என்பார். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை.

இதற்குத் தீர்வும் அந்த ஃபாரத்திலேயே இருக்கிறது. தானாக நிரம்பாத ஒரு கேள்வியைச் சேருங்கள்: “உங்கள் பட்ஜெட் என்ன?”, “எப்போது வாங்க நினைக்கிறீர்கள்?” பதில் அடிக்கச் சோம்பல்படுகிறவர் அங்கேயே விலகிவிடுவார். அனுப்பும் முன் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லும் வகை ஃபாரமும் உண்டு, அதைத் தேர்ந்தெடுங்கள். லீட் எண்ணிக்கை குறையும். உங்களுக்காக விளம்பரத்தை நடத்தும் ஏஜென்சிக்காரர் முகம் சுளிப்பார், ஏனென்றால் அவர் மாத அறிக்கையில் காட்டுவது அந்த எண்ணிக்கையைத்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். கையில் சில மனைகள் வைத்திருக்கும் ஒருவர் இரண்டு விதமாக விளம்பரம் செய்கிறார், ஒவ்வொன்றுக்கும் 20,000 ரூபாய். முதல் விளம்பரத்தில் 100 லீட், அதாவது ஒன்றுக்கு 200 ரூபாய். போனை எடுத்துப் பேசியவர்கள் 45 பேர், பட்ஜெட் ஒத்துவந்தவர்கள் 12 பேர், மனையைப் பார்க்க வந்தவர்கள் 4 பேர், டோக்கன் அட்வான்ஸ் (வாங்குவதை உறுதி செய்யும் முன்பணம்) கொடுத்தவர் ஒருவர். இரண்டாவது விளம்பரத்தில் கேள்விகளோடு ஃபாரம். லீட் 25 தான், ஒன்றுக்கு 800 ரூபாய். பேசியவர்கள் 20, பட்ஜெட் ஒத்தவர்கள் 12, பார்க்க வந்தவர்கள் 6, டோக்கன் கொடுத்தவர்கள் 2 பேர்.

லீட் விலையை மட்டும் பார்த்தால் முதல் விளம்பரம் நாலு மடங்கு மலிவு. ஆனால் ஒரு மனை விற்க ஆன செலவு முதலாவதில் 20,000, இரண்டாவதில் 10,000. அதற்கு மேல், முதலாவதில் நூறு பேருக்கு போன் செய்த உழைப்பு வேறு. லீடிலிருந்து டோக்கன் வரை ஆட்கள் இப்படிப் படிப்படியாகக் குறைந்துகொண்டே வரும் வரிசையைத்தான் ‘ஃபனல்’ என்கிறார்கள்.

இதுவரை பார்த்தது: தேடி வருபவர் ஒரு வகை, தேடாதபோது நம் விளம்பரத்தைப் பார்ப்பவர் இன்னொரு வகை. இருவரிடமிருந்தும் லீட் வரும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. லீட் விலையைப் பார்க்காமல் கடைசிப் படியில் ஒரு ஆளுக்கு எவ்வளவு செலவானது என்று பாருங்கள்.

கூகுள் ஏலம்

கூகுளில் பணம் கொடுத்தால் முதலிடம் கிடைக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. ஒருவர் தேடும் ஒவ்வொரு முறையும் அங்கே நொடிக்குள் ஓர் ஏலம் நடக்கிறது. அதிகம் கேட்பவருக்கு அப்படியே கொடுத்துவிடுவதில்லை. விளம்பரம் அந்தத் தேடலுக்குப் பொருந்துகிறதா, தொட்டவுடன் திறக்கும் பக்கம் உபயோகமானதா என்பதையும் சேர்த்துத்தான் இடம் முடிவாகும். பெரிய பில்டர் அதிகப் பணம் வைத்திருந்தாலும், ‘சந்தாபுரா 30க்கு 40 மனை’ என்ற குறுகிய தேடலில் சரியான பக்கத்தை வைத்திருக்கும் சின்ன ஆள் குறைந்த செலவில் நுழைய முடியும்.

தேடும் சொற்றொடரைக் ‘கீவேர்டு’ என்பார்கள். புதிதாக வருபவர்கள் ‘பெங்களூர் மனை’ போன்ற அகலமான கீவேர்டு போட்டுப் பணத்தை இழக்கிறார்கள். இடம், அளவு, வகை எல்லாம் சேர்ந்த நீளமான கீவேர்டு நல்லது. அதைவிட முக்கியம், வேண்டாத சொற்களின் பட்டியல். ஃபிளாட் விற்கிறீர்கள் என்றால் ‘வாடகை’, ‘பிஜி’ (பேயிங் கெஸ்ட் விடுதி), ‘வேலை’, ‘லோன்’ என்று தேடுகிறவர்களுக்கு உங்கள் விளம்பரம் காட்டக் கூடாது என்று சொல்லிவைக்கலாம். இதைச் செய்யாவிட்டால் பிஜி தேடும் மாணவர் தொட்டதற்கும் உங்கள் பணம்தான் போகும்.

இன்னொரு அமைப்பு பலரும் கவனிக்காதது. நீங்கள் பெங்களூர் என்று இடம் தேர்ந்தெடுத்தாலும், இயல்பான அமைப்பில் கூகுள் பெங்களூரில் இருப்பவர்களோடு பெங்களூர் மேல் ஆர்வம் காட்டுபவர்களுக்கும் சேர்த்தே காட்டும். சேலத்தில் இருந்துகொண்டு இங்கே வேலைக்கு வரப்போகிறவருக்கு உங்கள் வாடகை வீடு தெரிவது நல்லதுதான். பணம் குறைவு, நேரில் வந்து பார்ப்பவர்தான் வேண்டும் என்றால் ‘அங்கேயே இருப்பவர்கள்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

கூகுள் மேப்பில் வீட்டையே ஒரு கடை மாதிரி பதிந்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வாடகைக்கோ விற்பனைக்கோ உள்ள வீட்டை அப்படிப் பதிய கூகுள் விதி இடம் கொடுக்காது. ஆள் உட்காரும் விற்பனை அலுவலகம் இருந்தால் அதைப் பதியலாம்.

விளம்பரத்தில் என்ன எழுதுவது

இதைத்தான் எல்லோரும் அவசரமாகக் கடந்துபோகிறார்கள். போர்ட்டலில் தினம் பார்க்கும் பதிவு இப்படி இருக்கும்: “எலக்ட்ரானிக் சிட்டி அருகில் விசாலமான 2பிஹெச்கே. எல்லா வசதிகளும் உண்டு. மெட்ரோ அருகில். உடனே அழைக்கவும்.”

இதில் தகவலே இல்லை. அதனால் எல்லோரும் போன் செய்வார்கள். எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி நீங்கள் களைத்துப்போவீர்கள். அதே வீட்டை இப்படி எழுதிப் பாருங்கள்:

“2பிஹெச்கே, 1,050 சதுர அடி, மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு. எலக்ட்ரானிக் சிட்டி மெட்ரோ நிலையத்துக்கு நடந்து 12 நிமிடம். போர்வெல் தண்ணீர், கோடையில் டேங்கர் வரும், அந்தச் செலவு பராமரிப்பிலேயே அடக்கம். வாடகை 30,000, பராமரிப்பு 3,500, அட்வான்ஸ் 1,50,000. காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிக்கப்படும். ஒரு கார் நிறுத்தலாம். அசைவம் சமைக்கலாம். 1-ஆம் தேதியிலிருந்து குடிவரலாம்.”

இதைப் படித்துவிட்டு அழைப்பவர்கள் குறைவு. ஆனால் அழைக்கிறவர் பாதி முடிவெடுத்துவிட்டே அழைக்கிறார். 2024 கோடையில் தண்ணீருக்கு இந்த ஊர் பட்ட பாட்டுக்குப் பிறகு, காவேரி தண்ணீரா போர்வெல்லா என்று கேட்காத வாடகைதாரர் கிடையாது. போர்வெல்தான் என்று முதலிலேயே சொல்வது சிலரை விரட்டும், உண்மைதான். அவர்கள் வீட்டை வந்து பார்த்துவிட்டு விலகியிருப்பார்கள். உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம். அட்வான்ஸ் தொகையும் அப்படித்தான். பத்து மாத அட்வான்ஸ் என்பது இந்த ஊரின் பழைய வழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வருகிறவர்கள் நிறைய. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை எழுதிவிடுங்கள்.

விற்பனை என்றால் தண்ணீரின் இடத்தில் ஆவணங்கள் வந்து உட்காரும். காத்தா என்பது உள்ளாட்சியின் சொத்துப் பதிவு; ஏ என்றால் விதிப்படி உள்ள சொத்து, பி என்றால் குறை உள்ள சொத்து, இ-காத்தா அதன் மின்னணு வடிவம். ஏ காத்தாவா பி காத்தாவா, இ-காத்தா கையில் இருக்கிறதா, வில்லங்கச் சான்று எத்தனை வருடத்துக்கு எடுத்திருக்கிறீர்கள், வங்கிக் கடன் பாக்கி உண்டா. பி காத்தா சொத்துக்குப் பல வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கும். இ-காத்தா இல்லாமல் பதிவும் நகராது. இதை மறைத்து ஐம்பது பேரை வரவழைப்பதைவிட, சொல்லி ஐந்து பேரை வரவழைப்பது வேலையைச் சீக்கிரம் முடிக்கும்.

படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பகல் வெளிச்சத்தில், எல்லா லைட்டையும் போட்டு எடுங்கள். பாத்ரூம், சமையலறை சிங்க், பால்கனியிலிருந்து தெரிவது என்ன, இந்த மூன்றும் கட்டாயம். கேட்டிலிருந்து உள்ளே நடந்துபோகும் ஒரு நிமிட வீடியோ இருந்தால், வெளியூரில் இருப்பவர் அதைப் பார்த்தே பாதி முடிவுக்கு வந்துவிடுவார்.

போன் வந்த பிறகு

போர்ட்டலில் ‘ஓனர்’ என்று பதிந்த அடுத்த பத்து நிமிடத்தில் முதல் போன் வரும். பெரும்பாலும் புரோக்கர்: “சார், கிளையன்ட் ரெடியா இருக்கார், ஒரு மாச வாடகை கமிஷன்.” கமிஷன் வேண்டாம் என்பதையே வியாபாரமாக்கி இந்த ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட நோபுரோக்கர் போன்ற தளங்கள் இருந்தும் இது நிற்கவில்லை. கோபப்பட வேண்டாம். உங்கள் எல்லையை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

உண்மையான ஆளிடம் மூன்று கேள்வி போதும்: எப்போது குடிவருகிறீர்கள், எத்தனை பேர், வேலை எந்தப் பக்கம். வேலை ஒயிட்ஃபீல்டில் என்றால் எலக்ட்ரானிக் சிட்டி வீட்டைப் பார்க்க வருவார், பிடித்திருக்கிறது என்பார், பிறகு சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலை நினைத்துப் பின்வாங்குவார். அதை நீங்களே போனில் சொல்லிவிடலாம்.

ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அடிக்க வாட்ஸாப் பிசினஸ் உதவும். வீட்டு விவரம், லொகேஷன், வீடியோ ஆகியவற்றை ஒரு ‘குயிக் ரிப்ளை’யில் வைத்துக்கொண்டால் இரண்டு எழுத்தில் அனுப்பலாம். ‘பார்க்க வருகிறார்’, ‘யோசிக்கிறார்’, ‘வேண்டாம்’ என்று லேபிள் போட்டால் யாருக்குத் திரும்ப அழைக்க வேண்டும் என்பது மறக்காது. ஒரே செய்தியைப் பலருக்கும் பிராட்காஸ்ட் செய்தால் எல்லோருக்கும் போகும் என்று நினைக்காதீர்கள். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்குத்தான் போகும். எண் பட்டியல் விலைக்கு வாங்கித் தெரியாதவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்புவது இன்னும் மோசம். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலைத்தான் முக்கிய அடிப்படையாக வைக்கிறது. அதோடு, நாலு பேர் ‘ஸ்பேம்’ என்று புகார் செய்தால் உங்கள் வாட்ஸாப் எண்ணே முடங்கலாம்.

ஒரு எச்சரிக்கை. “ராணுவத்தில் இருக்கிறேன், வீட்டைப் பார்க்க வர முடியாது, அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்” என்று ஒருவர் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் அடிக்க வேண்டிய அவசியம் எப்போதுமே கிடையாது.

எவ்வளவு செலவழிக்கலாம்

முதலீட்டாளராக யோசித்தால் இதற்கு விடை எளிது. 30,000 வாடகை வரும் வீடு ஒரு நாள் காலியாக இருந்தால் 1,000 ரூபாய் போனது. பராமரிப்பும் உங்கள் கையிலிருந்துதான். ஆகவே 3,000 ரூபாய் போர்ட்டல் திட்டம் வீட்டை நாலு நாள் முன்னதாக நிரப்பினாலே லாபம்.

அதே கணக்கு பிடிவாதத்துக்கும் பொருந்தும். “32,000-க்குக் குறைய மாட்டேன்” என்று ஒரு மாதம் காத்திருந்தால் 30,000 போகும். பதினோரு மாத ஒப்பந்தத்தில் கூடுதலாகக் கிடைப்பது 22,000 மட்டும். வாடகையைச் சரியாக வைப்பதுதான் இருப்பதிலேயே மலிவான விளம்பரம். ஆனால் எந்த மார்க்கெட்டிங் ஏஜென்சியும் இதை உங்களிடம் சொல்லாது, ஏனென்றால் இதற்கு பில் போட முடியாது.

சட்டம் எங்கே குறுக்கே வரும்

உங்கள் சொந்த ஃபிளாட்டையோ மனையையோ மறுவிற்பனை செய்ய, வாடகைக்கு விட, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு தேவையில்லை. ஆனால் மனை பிரித்து விற்கும் லேஅவுட், புது அடுக்குமாடி என்று வந்தால் 2016-இன் ரெரா சட்டம் நடுவில் வரும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமும் 8-க்கு மேற்பட்ட வீடுகளும் கொண்ட திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது; மீறினால் திட்டத்தின் மதிப்பிடப்பட்ட செலவில் 10 சதவீதம் வரை அபராதம். பதிவான திட்டத்தின் விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் தெளிவாக இருக்க வேண்டும்.

இங்கே நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. தெரிந்தவரின் லேஅவுட் படத்தை வாட்ஸாப் குழுவில் போட்டு, விற்றால் கமிஷன் என்று பேசிக்கொள்வார்கள். எந்த வழியிலானாலும் வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைத்துப் பணம் வாங்குகிறவர் சட்டத்தின் கண்ணில் ஏஜென்ட். பதிவான திட்டத்தை விற்றுக்கொடுக்க அவருக்கும் ரெரா பதிவு வேண்டும். ‘ப்ரீ லான்ச்’ என்று பதிவுக்கு முன்பே விருப்பத் தொகை கேட்கும் செய்திகளை நீங்கள் முதலீட்டாளராகப் பெற்றாலும், அதே கண்ணால் பாருங்கள்.

ஓசூர் மனைக்கு இன்னொரு முடிச்சு. விளம்பரம் ‘பெங்களூர்’ என்று சொன்னாலும் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் அது கிருஷ்ணகிரி மாவட்டம். பதிவு எண்ணைக் கர்நாடக ரெரா தளத்தில் தேடினால் கிடைக்காது. தமிழ்நாடு ரெரா தளத்தில் தேட வேண்டும்.

வீடு போன பிறகு

டோக்கன் வாங்கியதும் எல்லாப் போர்ட்டலிலும் பதிவை மூடுங்கள். மூடாத பதிவுக்கு மாதக்கணக்கில் போன் வரும், அப்புறம் அடுத்த முறை அழைப்பவர்களும் “இன்னும் இருக்கா, இல்ல பழைய விளம்பரமா?” என்றே தொடங்குவார்கள். வீடு கிடைக்காமல் போனவர்களில் நல்லவர்களாகத் தெரிந்த சிலரிடம் “அடுத்த முறை காலியானால் சொல்லட்டுமா?” என்று கேட்டு, சரி என்றவர்கள் எண்ணுக்குத் தனி லேபிள் போட்டு வையுங்கள். இருக்கும் வாடகைதாரர் காலி செய்வதாக நோட்டீஸ் கொடுத்த அன்றே அவர்களுக்கு ஒரு செய்தி போனால், வீடு காலியாவதற்கு முன்பே அடுத்தவர் தயாராகிவிடக்கூடும். படங்களையும் வீடியோவையும் இப்போதே, புதியவர் சாமான் இறக்கும் முன் எடுத்துவிடுங்கள். அடுத்த முறை குடியிருப்பவர் வீட்டுக்குள் போய்ப் படம் எடுக்க அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டியிராது.